கையெழுத்தும் மனச்சான்றும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதத்தின் இந்த வாரத்தில் நாள்காட்டியில் மூன்று நாள்கள் அருகருகே வருகின்றன. 22ஆம் தேதி புனித தாமஸ் மோரின் நினைவு நாள். அவர் வழக்கறிஞராக இருந்தவர், பிறகு நீதிபதி, கடைசியில் மரண தண்டனைக் கைதி. 24ஆம் தேதி திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழா. அவரும் சிறையில் தலை வெட்டப்பட்டு இறந்தவர்தான். அவருக்கு விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒரு விருந்தில் அரசன் கொடுத்த வாக்குதான் அவருக்குத் தீர்ப்பு. 26ஆம் தேதி, சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு ஆதரவாக ஐக்கிய நாடுகள் அவை குறித்திருக்கும் நாள். யாரும் திட்டமிட்டு இப்படி அடுக்கி வைக்கவில்லை. ஆனாலும் காவல் நிலையம், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகிய இடங்களைப் பற்றி நற்செய்தியின் வெளிச்சத்தில் பேச இது பொருத்தமான வாரம்.

யோர்தான் ஆற்றங்கரைக்குப் போவோம். லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரம். யோவானிடம் பொதுமக்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வரிதண்டுவோர் வந்து கேட்கிறார்கள். அதற்குப் பிறகு படைவீரர்களும் வந்து அதையே கேட்கிறார்கள். அன்றைய நிலையில் சாதாரண மக்களைப் பொறுத்தவரை இந்தப் படைவீரர்தான் போலீஸ். யோவான் அவர்களிடம் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. பாலைவனத்துக்கு வரச் சொல்லவில்லை. நோன்பு இருக்கச் சொல்லவில்லை. மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறார்: யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், யார் மீதும் பொய்க் குற்றம் சுமத்தாதீர்கள், உங்கள் சம்பளம் உங்களுக்குப் போதும் என்று இருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னதுதான். மாமூல், பொய் கேஸ் என்று நம் ஊர்ச் சொற்களைப் போட்டால் நேற்றைய செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.

நம் பங்குகளில் எத்தனை காவலர் குடும்பங்கள் இருக்கின்றன! சிறைக் காவலர்கள், நீதிமன்றத்தில் எழுத்தராக இருப்பவர்கள், அரசு மருத்துவர்கள், செவிலியர்கள், வழக்கறிஞர்கள் என எல்லாரும் ஞாயிறு திருப்பலியில் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அரசு வேலை கிடைத்தால் நன்றித் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கிறோம். அந்த வேலையில் அவர் அன்றாடம் எதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, எதற்கு முன்னால் அவருடைய மனச்சான்று தடுமாறுகிறது என்று அதற்குப் பிறகு நாம் கேட்பது இல்லை. யோவானிடம் அந்தப் படைவீரர்கள் கேட்டார்கள். நம்மிடம் கேட்க வருகிறவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்கிறதா?

2020ஆம் ஆண்டு ஜூன் 19. கொரோனா பொதுமுடக்கக் காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்கிற வியாபாரியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அவரைத் தேடி அவருடைய மகன் பென்னிக்ஸ் போனார். அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அது உண்மையாகவே இருந்தாலும் அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தையும் இறந்தார். மகன் இறந்த அந்த 22, புனித தாமஸ் மோரின் நாள்.

இந்த வழக்கில் யாருக்கு என்ன தண்டனை என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. நான் அதைப் பேச வரவில்லை. நான் பேச விரும்புவது கையெழுத்துகளைப் பற்றி.

அந்த இரவில் லத்தி எடுத்தவர்கள் சிலபேர்தான். ஆனால் தந்தையும் மகனும் சாத்தான்குளம் காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறை வரை போய்ச் சேருவதற்கு எத்தனை தாள்கள் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் முதல் தகவல் அறிக்கை. அவர்கள் தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அடுத்தது அரசு மருத்துவமனையில், சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலையில் இருக்கிறார்கள் என்ற சான்று. அதற்கு அடுத்தது மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவு. அவர்களை அருகில் அழைத்துப் பார்க்காமலே அந்த உத்தரவு வழங்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. கடைசியில் சிறை வாயிலில் பதிவேடு. ரத்தம் நனைந்த லுங்கிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது என்று உறவினரும் நண்பர்களும் சொன்னார்கள். லுங்கி மாறிக்கொண்டே இருந்தது. தாள்களும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்துகொண்டே இருந்தன.

சட்டம் இந்தப் படிகளை வீணாக வைக்கவில்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. எதற்கு? பிடித்தவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவராக இருக்க வேண்டும் என்பதற்குத்தான். மருத்துவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். மாஜிஸ்திரேட் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர் அல்லர். சிறை அதிகாரி இன்னொரு துறை. நான்கு வாசல்களில் நான்கு வேறு காவலாளிகளை நிறுத்தியிருக்கிறது சட்டம். ஒரே மனிதனின் கையில் இன்னொரு மனிதனின் உடம்பை முழுவதுமாக ஒப்படைக்கக் கூடாது என்று அதற்குத் தெரியும். ஆதிப்பாவத்தைப் பற்றி நாம் மறைக்கல்வியில் படிப்பதைச் சட்டம் தன் பாணியில் புரிந்துவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளைக் கொடுத்தது. கைது செய்கிறவரின் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், மாஜிஸ்திரேட்டுகள் இயந்திரம் போல ரிமாண்ட் செய்யக் கூடாது என்று அதே நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. ஆகவே சாத்தான்குளத்தில் விதிகளுக்குப் பஞ்சம் இல்லை. நான்கு வாசல்களில் எந்த ஒன்றிலாவது ஒருவர், இந்த நிலையில் இவர்களை ஏற்க மாட்டேன், நல்ல மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தால் போதும்.

பிலாத்துவை நினைத்துப் பாருங்கள். அவர் கைகளைக் கழுவியது எல்லாருக்கும் தெரியும்.  இன்னொன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சிலுவையின் மேல் மாட்டிய குற்ற அறிவிப்பை எழுதி வைத்தவரும் அதே பிலாத்துதான். அதை மாற்றி எழுதச் சொல்லித் தலைமைக் குருக்கள் கேட்டபோது மறுத்துவிட்டார். ஒரு வாசகத்தை மாற்ற மறுக்கிற அளவு உறுதி அவரிடம் இருந்தது. ஒரு குற்றமற்றவரை விடுவிக்கிற அளவுக்கு இல்லை. தண்ணீரில் கழுவிய கை எழுதவும் செய்தது.

ஒப்புரவு அருளடையாளத்துக்குத் தயாரிக்க நாம் பயன்படுத்தும் ஆன்ம சோதனைக் கையேடுகளைப் பார்த்திருப்பீர்கள். பொய் சொன்னேனா, கோபப்பட்டேனா, ஞாயிறு திருப்பலிக்குப் போகாமல் இருந்தேனா என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டேனா? பார்க்காமல் சான்று கொடுத்தேனா? நடக்காததை நடந்ததாகப் பதிவேட்டில் எழுதினேனா? மேலதிகாரி சொன்னார் என்பதற்காகச் சாட்சியின் பெயரை நானே நிரப்பினேனா? இந்தக் கேள்விகளை நான் எந்தக் கையேட்டிலும் கண்டதில்லை. எட்டாவது கட்டளையின் கீழ் இவை வர வேண்டும். சில நேரங்களில் ஐந்தாவது கட்டளையின் கீழும் வரும்.

அதே சாத்தான்குளத்தில் வேறொரு கையெழுத்தும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஒருவர் விசாரணைக்காக அந்தக் காவல் நிலையத்துக்கே போனார். தமக்கு ஒத்துழைப்புத் தரவில்லை, தம்மை அவமதித்தார்கள் என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்றும் எழுதினார். அங்கே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி அவரிடம் தாம் பார்த்ததைச் சொன்னார். இருவரையும் விடிய விடிய அடித்தார்கள், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அவற்றை அழித்துவிடக்கூடும் என்றார். சொல்லிவிட்டார், ஆனால் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கம். தயங்காமல் எப்படி இருப்பார்? அவரோடு தினமும் வேலை செய்கிறவர்கள் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு உறுதி கிடைத்த பிறகு கையெழுத்திட்டார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

தலைமைக் காவலர் என்பது காவல்துறையில் பெரிய பதவி அல்ல. அவருக்கு மேலே உதவி ஆய்வாளர், ஆய்வாளர், துணைக் கண்காணிப்பாளர் என்று படிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவர் வீரவசனம் எதுவும் பேசவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி, பெயரை எழுதினார். இரண்டு மாஜிஸ்திரேட்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே சட்டத்தைப் படித்தவர்கள், ஒரே துறையில் ஊழியம் செய்கிறவர்கள். ஒருவர் சரியாகப் பார்க்காமலே ரிமாண்ட் செய்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. மற்றவர் அவமதிப்பைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். 'துறையே கெட்டுப்போச்சு' என்று பேசித் தீர்ப்பவர்களுக்கு இந்த இரண்டு பேரையும் நான் காட்டுவேன்.

இப்போது யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரம். கைது செய்யப்பட்ட இயேசு அன்னாவின் முன் நிற்கிறார். அவர் பதில் சொன்ன விதம் பிடிக்காமல் பக்கத்தில் நின்ற காவலர் ஒருவர் அவர் கன்னத்தில் அறைகிறார். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் இயேசு. ஆனால் இங்கே அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. கேள்வி கேட்கிறார். நான் பேசியது தவறு என்றால் எது தவறு என்று எடுத்துக்காட்டு, சரி என்றால் ஏன் அடித்தாய் என்கிறார். தனி மனிதர்களுக்கு இடையே வரும் சண்டையில் விட்டுக்கொடுப்பது ஒன்று. கட்டுண்டு நிற்கும் மனிதன் மேல் அதிகாரம் கை ஓங்குவது வேறு. அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும், காரணம் கேட்க வேண்டும். நம் ஆண்டவர் கேட்டார்.

திருத்தூதர் பவுலுக்கும் இது நேர்ந்தது. எருசலேமில் கலவரம். ஏன் மக்கள் இவருக்கு எதிராகக் கத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்க, ஆயிரத்தவர் தலைவர் இவரைச் சாட்டையால் அடித்து விசாரிக்கச் சொல்கிறார். 'அடித்து விசாரி' என்பது எவ்வளவு பழைய முறை பாருங்கள். வாரினால் கட்டியாயிற்று. பவுல் அருகில் நின்ற நூற்றுவர் தலைவரிடம், உரோமைக் குடிமகன் ஒருவனைத் தீர்ப்பு இல்லாமல் அடிக்க உங்களுக்குச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்கிறார். அந்த நூற்றுவர் தலைவர் நம்பிக்கை கொண்டவர் என்று எங்கும் எழுதியில்லை. பவுல்மேல் அவருக்குப் பரிவு இருந்ததா என்றும் தெரியாது. ஆனால் விதி தெரிந்தவர். நேராக மேலதிகாரியிடம் போய், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார். விசாரிக்க வந்தவர்கள் விலகிப் போகிறார்கள். மேலிடத்து உத்தரவு என்கிற சொல்லுக்கு எதிரில் ஒரு நடுத்தர அதிகாரி என்ன செய்ய முடியும் என்பதற்குத் திருத்தூதர் பணிகள் நூலில் இருக்கும் நல்ல சாட்சி இது. உரோமைச் சட்டம் தன் குடிமக்களை மட்டும் காத்தது. நம் அரசியலமைப்பின் 21, 22ஆம் பிரிவுகள் குடிமகனா என்று கேட்பதில்லை. ஆள் என்று இருந்தால் போதும்.

திருஅவை இதில் தன்னைத் தூயவளாகக் காட்டிக்கொள்ள முடியாது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி, 2297ஆம் எண்ணில் ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காகவும் தண்டிப்பதற்காகவும் செய்யும் சித்திரவதையைக் கண்டிக்கிறது. அடுத்த எண்ணிலேயே, கடந்த காலத்தில் திருஅவையின் மேய்ப்பர்களே உரோமைச் சட்டத்தின் சித்திரவதை விதிகளைத் தங்கள் நீதிமன்றங்களில் ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒத்துக்கொள்கிறது. தாமஸ் மோர் நம் புனிதர். ஆனாலும் அவர் இங்கிலாந்தின் லார்டு சான்சலராக இருந்த காலத்தில் தப்பறைக்காரர் என்று சிலர் எரிக்கப்பட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும்.

நம் மண்ணுக்கும் இதில் நீண்ட கதை உண்டு. 1854இல் சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளை விசாரிக்க ஆங்கிலேய அரசு ஓர் ஆணையம் வைத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஊழியர்கள் என்னென்ன செய்தார்கள் என்று அந்த அறிக்கை பட்டியல் போட்டது. விரல்களை நசுக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் என்ற தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கைக்குள் அப்படியே ஏறியிருக்கின்றன. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் எழுதி வைத்தது. புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. அடி வாங்குகிறவன் அடி நிற்பதற்காக எதையும் சொல்வான் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் அதை உறுதி செய்து ஏற்கவில்லை.

காவலர்களின் பக்கமும் சொல்ல வேண்டும். தூக்கம் இல்லாத பணி. திருவிழா பந்தோபஸ்து, தலைவர் வருகை, இரவு ரோந்து என்று வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே நேரம் இல்லை. அதற்கு மேல், நகை காணவில்லை, புகார் கொடுத்தவர் வேண்டியவர், உடனே ஆளைப் பிடி என்று மேலிருந்து அழுத்தம். தடயம் தேட நேரம் வேண்டும், ஆய்வகம் வேண்டும், பொறுமை வேண்டும். லத்தி கையிலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் 2025 ஜூன் 28 அன்று இறந்த கோயில் காவலாளி அஜித்குமாரின் கதை இப்படித்தான் தொடங்கியது. காரில் இருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார். தனிப்படை விசாரணை. அங்கே ஒருவர் மறைந்திருந்து செல்போனில் படம் எடுக்காமல் இருந்திருந்தால் இன்னொரு 'உடல்நலக் குறைவு' என்று அது முடிந்திருக்கக்கூடும். அந்த அழுத்தத்தைக் கொடுக்கிற உயர் அதிகாரிகளும், தனக்குத் தெரிந்தவரை வைத்து போன் போடச் செய்கிற நம்மைப் போன்ற பொதுமக்களும் அந்த அறைக்குள் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் நடப்பதற்குத் தொடர்பில்லாதவர்களும் அல்லர்.

வழக்கறிஞர்களுக்கு ஒரு சொல். தாமஸ் மோரைக் கொன்றது கோடரி என்பதைவிட ஒரு சாட்சியம் என்று சொல்லலாம். மன்னனுக்கு வேண்டிய உறுதிமொழியை அவர் எடுக்க மறுத்தார். அதற்காக மட்டும் அவரைக் கொல்லச் சட்டத்தில் வழி இல்லை. அரசின் சட்ட அதிகாரியான ரிச்சர்டு ரிச் என்பவர் வந்து, சிறையில் தன்னிடம் மோர் இன்னது பேசினார் என்று சாட்சி சொன்னார். அது பொய் என்று மோர் நீதிமன்றத்தில் மறுத்தார். 1535 ஜூலை 6 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. ரிச்சர்டு ரிச் பின்னாளில் மோர் உட்கார்ந்த அதே பதவியில் உட்கார்ந்தார். பதவி கிடைத்தது.

கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக யாரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. எவ்வளவு கொடியவன் என்று ஊர் சொன்னாலும் அவனுக்காக வாதாட ஒருவர் வேண்டும். அவன் காக்கிச் சட்டைக்காரனாக இருந்தாலும் அப்படித்தான். சாத்தான்குளம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்கும் அந்த உரிமை உண்டு. இதைக் கேட்கச் சிலருக்குக் கசப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடி இல்லாமலும் கொடுமை நடக்கும். நம் திருச்சி மாவட்டத்து மண்ணில் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடி மக்களோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைதானார். 83 வயது. நடுக்குவாத நோயால் தம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழலும் மூடிபோட்ட கோப்பையும் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல விசாரணை அமைப்புக்கு 20 நாள் அவகாசம் தரப்பட்டது. அவர் மேல் இருந்த வழக்கைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். ஒரு முதியவர் தண்ணீர் குடிப்பதற்கு 20 நாள் எதற்கு? அந்தக் கோப்பில் ஒரே ஒருவர் மனிதராக நடந்திருந்தால் அரை மணி நேர வேலை. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, மும்பை மருத்துவமனையில் அவர் இறந்தார். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் தீர்ப்பு வராதவர்கள். அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை என்பதால் அவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை.

நம்மைப் பற்றியும் கொஞ்சம். ரவுடி ஒருவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வாட்ஸ்ஆப்பில் வருகிறது. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்' என்று அடியில் ஒரு வரி. நாம் சிரிக்கிறோம். அன்பியக் குழுவிலேயே அதை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய் என்று அனுப்புகிறவருக்குத் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும், எழுதிய அதிகாரிக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொய்யை ஊரே சேர்ந்து ரசிக்கிறது. 'ஜெய் பீம்' படத்தைப் பார்த்துவிட்டு அழுதோம். அடுத்த வாரம் என்கவுன்டர் செய்கிற நாயகனுக்குக் கைதட்டினோம். மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிக்கிற ஊரில்தான் சாத்தான்குளத்து முதல் தகவல் அறிக்கையில் 'தரையில் உருண்டார்கள்' என்று எழுத ஒருவருக்குத் துணிச்சல் வந்தது. எப்படி எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு.

இந்த ஞாயிறு நம்பிக்கையாளர் மன்றாட்டில் ஜெயராஜ், பென்னிக்ஸ், அஜித்குமார் ஆகியோரின் ஆன்மாக்களுக்காகவும், இன்று இரவு காவல் நிலையங்களில் பணியில் இருப்பவர்களுக்காகவும், அங்கே காவலில் இருப்பவர்களுக்காகவும் ஒன்றாகச் சேர்த்து மன்றாடும்படி பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறேன். காவலர், சிறைப் பணியாளர், அரசு மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரை அழைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களுக்கென்று ஒரு தியான நாள் வைக்கலாம். அவர்களைப் பேச விட்டு, குருக்கள் கேட்டுக்கொண்டிருக்கிற நாளாக அது இருந்தால் நல்லது.

அன்பியக் கூட்டத்தில் பேச இன்னும் ஒன்று. உங்கள் தெருவில் ஒருவரை இரவில் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனால் தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். மரியாதையாகப் பேசுங்கள். என்ன காரணத்துக்காகக் கைது என்று கேளுங்கள். கைதுக் குறிப்பைக் கேளுங்கள். எந்த மாஜிஸ்திரேட்டிடம், எத்தனை மணிக்குக் கொண்டு போவார்கள் என்று கேட்டு, அந்த நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள். உடம்பில் அடி பட்டிருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே வாய் திறந்து சொல்லும்படி அவரிடம் சொல்லி வையுங்கள். விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு அங்கே கட்டணம் இல்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி உதவி எண் 15100. எழுதிக்கொள்ள வசதியாக மீண்டும் ஒருமுறை சொல்கிறேன்: ஒன்று, ஐந்து, ஒன்று, சுழியம், சுழியம்.